ஒரு சட்டிக் கங்கு

பர்வீன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம்தான். கோவில்பட்டியில் அவளுடைய அப்பா காதர் பாய் நடத்திவந்த டூர் சர்வீஸை இப்போது அவள் நடத்துகிறாள். புதிதாக மூன்று பேரை டூர் மேனேஜர் வேலைக்கு எடுத்திருக்கிறாளாம். மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறபோது என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவதாகச் சொன்னாள். அங்கேயே வேலை பார்த்து ஓய்வுபெற்று, மூன்று வருடமாக வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு இந்த மாதிரி வேலை கிடைத்தால் கசக்குமா? சரி என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். கொடைக்கானலில் புதிதாகப் பிடித்திருக்கிற தங்கும் விடுதி என்று போனில் படம் காட்டினாள். மரப்பலகை அடித்த அறை, பெரிய கண்ணாடி சன்னல், வெளியே பஞ்சு மாதிரி மூடுபனி. பிள்ளை நல்ல இடமாகத்தான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே அடுத்த படத்தைத் தள்ளினேன். அறை மூலையில் ஒரு இரும்பு அடுப்பு, அது நிறைய சிவந்த கரி. கீழே, 'குளிருக்கு இதமாக உங்கள் அறையிலேயே கரி அடுப்பு' என்று எழுதியிருந்தது.

"நம்ம சனங்களுக்குப் பிடிக்கும்ல மாமா?" என்றாள் பர்வீன்.

போனை மேஜையில் வைத்துவிட்டு, வாங்கி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். என்னமோ கோபம் என்று அவள் நினைத்திருப்பாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது நடந்த வருடம் அவள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பாய் அவளிடம் சொல்லவில்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே, புதிதாக வந்திருக்கிற மூன்று பேருக்கும், பர்வீனுக்கும் இது. ஒரு பக்கத்தில் அடங்காது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் நம்முடைய டூரில் வந்த ஒரு பெண் மலையில் இறந்துபோனாள். அந்தச் சாவில் எனக்குப் பங்கு உண்டு. போலீசில் நான் அதைச் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது வேன் கழுவுகிறவனாக. பிறகு பாத்திரம் கழுவினேன், பிறகு சமைத்தேன், பிறகு சமையலும் மேனேஜர் வேலையும் சேர்த்துப் பார்த்தேன். அதற்கு இடையில் பத்து வருடம் ஓடிப்போனது. அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, வசவு வாங்கியதைத் தவிர.

எங்கள் பக்கத்து சனங்களை மலைக்குக் கூட்டிப்போவது தனி வித்தை. கண்ணுக்கு எட்டின தூரம் மேடு பள்ளம் இல்லாத கரிசல் காட்டில் வளர்ந்தவர்கள். வத்தலக்குண்டு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும் வேனில் பேச்சு நின்றுவிடும். இரண்டாவது வளைவில் எலுமிச்சம்பழம் வெளியே வரும். மூன்றாவதில் சாத்தூரில் வாங்கித் தின்ற சேவு வெளியே வரும். யார் முகம் வெளிறுகிறது என்று கண்ணாடியில் பார்த்து, பிளாஸ்டிக் பையைச் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் நீட்டத் தெரிய வேண்டும். என் அனுபவத்தில், 'எனக்கெல்லாம் ஒண்ணும் செய்யாது' என்று வீறாப்புப் பேசி ஏறுகிறவர் யாரோ, அவருக்குத்தான் முதல் பை.

ஸ்வெட்டர் கொண்டுவரச் சொன்னால் யாரும் கொண்டுவர மாட்டார்கள். சொல்லித்தான் அனுப்புவோம். மலையின் தை மாதக் குளிரை நம் ஊர் மார்கழி விடியற்காலைக் குளிர் என்று நினைத்து ஒரு துண்டோடு வந்து இறங்குவார்கள். வெள்ளி அருவியில் இறங்கும்போது சிரிப்பார்கள். ஏரிக்கரையில் நிற்கும்போது காதில் துண்டைக் கட்டுவார்கள். வெயில் சாய்ந்தால் அத்தனை பேரும் என் அடுப்பைச் சுற்றி நிற்பார்கள்.

அடுப்பு என்று சொன்னேன் அல்லவா. லாட்ஜ் முற்றத்தில் நாங்களே சமைப்போம். சோறும் குழம்பும் காஸ் அடுப்பில். ஆனால் மலைக்குளிரில் சாம்பார் பத்து நிமிடத்தில் ஆறிப்போகும், அதனால் சூடு நிற்பதற்கென்று ஒரு கரி அடுப்பும் எரியும். அதை எரியவிடுவதிலும் அணைப்பதிலும் பாய்க்கு ஒரு முறை இருந்தது.

காதர் பாய் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. வேன் கழுவுகிறவன் வரைக்கும் எல்லாரையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். வந்த சனம் அத்தனையும் சாப்பிட்டு முடித்து, நாங்களும் சாப்பிட்ட பிறகுதான் அவர் தட்டை எடுப்பார். என் பெயர் செண்பகராஜ். வேலை சரியாக இருந்தால் 'செம்பகம்' என்பார். தப்புச் செய்திருந்தால் 'வாங்க சார்' என்பார். அந்த சாருக்குப் பயந்து பத்து ஆள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்திருக்கிறேன்.

சாப்பாடு முடிந்ததும் மூன்று காரியம். காஸ் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி வேனில் வைக்க வேண்டும். ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டி, உள்ளே இருப்பவர்களைப் பெயர் சொல்ல வைக்க வேண்டும். மூன்றாவது, கரி. ஒரு வாளித் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது, சாம்பல் மேலே மூடிக்கொண்டு அடியில் கங்கு உயிரோடு கிடக்கும். செம்பு செம்பாக ஊற்றி, கம்பியால் கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். கடைசியில் பாய் வந்து நிற்பார். 'கைய வைங்க' என்பார். அணைந்த கரியின் மேல் உள்ளங்கையை வைத்து, அவர் போதும் என்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. கை சுட்டால் அணையவில்லை என்று அர்த்தம். இதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. லாட்ஜ் தரை மரத்தரை, தீப்பிடித்துவிடும் என்று பயப்படுகிறார் என்றே நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அந்த வருடம் பொங்கல் கழிந்து, எட்டயபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்தார்கள். எல்லாரும் கரிமூட்டம் போடுகிற குடும்பங்கள். வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளுக்குள்ளேயே நாள் கணக்கில் புழுங்கவிட்டுக் கரி எடுக்கிற தொழில். ஆண்டு முழுக்க அந்த வேக்காட்டில் கிடக்கிறவர்களுக்குக் குளிர் என்றால் என்ன என்று பார்க்க ஆசை. கருப்பசாமி என்பவர்தான் ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிவந்தவர். கூட அவர் மனைவி வேலுத்தாய், பத்து வயது மகள் செல்வி. வேனில் ஏறும்போதே ஒரு மூட்டைக் கரியைத் தூக்கி வைத்தார் கருப்பசாமி. கடைக் கரியில் ஏன் சமைக்க வேண்டும், எங்கள் கரியைப் போட்டுப் பாருங்கள், பொட்டுப் புகை வராது என்றார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு கரியை நான் பார்த்ததே இல்லை. தட்டினால் வெங்கல ஓசை வந்தது.

வேலுத்தாய் கலகலப்பான பொம்பளை. தூண் பாறையில் மேகம் வந்து மூடியதும் எல்லாரும் ஏமாந்து நிற்க, 'காசு குடுத்து வந்ததுக்குப் பாறைக்கு முக்காடு போட்டுக் காட்டுதாவளே' என்றாள். என் சாம்பாரில் உப்புக் கம்மி என்று அவள்தான் சொன்னாள், அது உண்மையும்கூட. சாயங்காலம் வெங்காயம் உரிக்க வந்து உட்கார்ந்துகொண்டாள். வேண்டாம் தாயி, நீங்கள் ஊர் பார்க்க வந்த ஆள் என்றால், 'சும்மா இருந்தா குளுருது' என்று சொல்லி முக்கால் கூடையை உரித்துப் போட்டாள்.

ஏழு மணிக்கெல்லாம் சாப்பாடு முடிந்தது. லாட்ஜ்காரர் எல்லாருடைய அடையாள அட்டை நகலும் வேண்டும் என்று பிடித்துக்கொண்டதால் பாய் ஆபீஸ் அறையில் இருந்தார். நான் கரியை அணைக்க செம்பை எடுத்தேன். கருப்பசாமி வந்தார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்குப் பல்லு தந்தியடிக்குது. ஒரு சட்டி கங்கு குடுங்க, ரூம்ல வச்சிக்கிடுதோம்."

மொதலாளி வைவார் என்றேன். அவரிடம் யார் சொல்லப் போகிறார்கள் என்றார். நான் யோசித்தது இரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்தப் பிள்ளை வராந்தாவில் தகப்பனாருடைய துண்டுக்குள் முடங்கி நின்றது, உதடு நீலம் பாரித்திருந்தது. தரையில் படாமல் செங்கல் மேல் வைத்தால் தீ எப்படிப் பிடிக்கும்?

"பாத்து வச்சிக்கிடுங்க, போர்வை பட்டுறாம" என்றேன்.

"எங்களுக்கா சொல்லுதீங்க? நாங்க கரியோடயே கெடக்க ஆளுங்க" என்று சிரித்தார்.

அவரே குனிந்து, புகை கொஞ்சமும் இல்லாமல் வெந்து வெள்ளைச் சாம்பல் பூத்த கங்காகப் பார்த்துப் பொறுக்கி, எங்கள் இரும்புச் சட்டியில் நிரப்பிக்கொண்டார். நான் இடுக்கி கொடுத்தேன். இரண்டு செங்கலும் எடுத்துக் கொடுத்தேன். அவர் போனபின் மிச்சமிருந்த கரியில் தண்ணீர் ஊற்றினேன், கிளறினேன், மறுபடி ஊற்றினேன். பாய் வந்தார். கரி கொஞ்சமாகத் தெரிகிறதே என்று கேட்டார். இன்றைக்குக் கூட எரிந்துவிட்டது என்றேன். உள்ளங்கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. போதும் செம்பகம் என்று சொல்லிவிட்டுப் போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, ஒரு பிள்ளைக்கு நல்லது செய்த திருப்தியில் நான் நன்றாகத் தூங்கினேன். இதை எழுதும்போது என்னை நானே அறையலாம்போல இருக்கிறது.

காலை ஆறரைக்கு டீக் கெட்டிலோடு ஒவ்வொரு அறையாகத் தட்டிக்கொண்டு போனேன். கருப்பசாமியின் அறை திறக்கவில்லை. அசந்து தூங்குகிறார்கள் என்று அடுத்த அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே யாரோ முனகுகிற மாதிரி இருந்தது. டிரைவரும் நானும் தோளால் இடித்தோம். தாழ்ப்பாள் பெயர்ந்த பிறகும் கதவு நகரவில்லை, அடியில் இருந்த சந்தில் துண்டு திணித்திருந்தது. மூன்றாவது இடியில் திறந்தது.

எனக்கு இன்றைக்கும் விளங்காதது அந்த அறையின் இதம். வெளியே விறைக்கிற குளிர், உள்ளே நம் ஊர் மாதிரி வெதுவெதுப்பு. புகை இல்லை. வாடை இல்லை. செங்கல் மேல் சட்டி வைத்தது வைத்தபடி இருந்தது, ஒரு பொறிகூட வெளியே சிந்தவில்லை. சன்னல் இடுக்கு முழுக்கச் சேலையைச் சொருகி அடைத்திருந்தது. கதவோரம் செல்வி, தலையணையெல்லாம் வாந்தி, கண் செருகிக் கிடந்தாள். கருப்பசாமி குறட்டை மாதிரி ஒரு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், உலுக்கினால் எழவில்லை. சட்டிப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள் வேலுத்தாய். அவள் முகத்தில் ஒரு வேதனையும் இல்லை. உதடு வெற்றிலை போட்ட மாதிரி நல்ல சிவப்பாக இருந்தது. இந்தம்மாவுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினேன்.

வேலுத்தாய்தான் இறந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், நிதானமாகச் சொன்னார். கரி கனியும்போது ஒரு வாயு வரும், அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அடைத்த அறையில் அது நிரம்பினால் முதலில் தலைவலி, பிறகு மயக்கம், தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். புகை இல்லாத நல்ல கரி என்றாலும் அந்த வாயு வரும். சொல்லிவிட்டு, 'நீங்கள் எல்லாரும் கரி போடுகிற ஊர்தானே, இது தெரியாதா?' என்று கேட்டார். தெரியாது. எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. காற்றைத் தடுக்க ஒரு மரம் இல்லாத பொட்டலில் மூட்டம் போடுகிறவர்கள். அங்கே அந்த வாயு நின்று யாரையும் தொட்டதில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வீட்டுக்குள் கங்கு வைத்துச் சாம்பிராணி போடுகிறோம், அதற்கும் ஓட்டுச் சந்தில் காற்று வந்து போகும். புகையாத கரி நல்ல கரி என்பதுதான் நாங்கள் அறிந்தது.

மத்தியானம் கருப்பசாமிக்கு நினைவு திரும்பியது. போலீஸ்காரர் கட்டிலருகே நின்று, சட்டியை யார் கொடுத்தது என்று கேட்டார். பாய் இந்தப் பக்கம் நிற்கிறார், நான் கால்மாட்டில் நிற்கிறேன். வாயைத் திறந்து நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. கருப்பசாமி என்னைப் பார்த்தார், பிறகு போலீஸ்காரரைப் பார்த்தார்.

"யாரும் குடுக்கல. அடுப்புல கெடந்தத நானே எடுத்துட்டுப் போனேன்."

அப்போதும் நான் பேசவில்லை. பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன் எனக்காகப் பொய் சொல்கிறான், அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த அதிர்ச்சியில் வாயடைத்துப் போனேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம்தான் காரணம். வேலை போய்விடும், ஜெயிலுக்குப் போக வேண்டும் என்கிற பயம்.

வெளியே வந்ததும் பாய் வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்க சார்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது நாள் எந்த வேனும் மலையேறவில்லை. அதன் பிறகு ஒரு நாள் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, அந்த வாயுவைப் பற்றி அவரே விளக்கிச் சொன்னார். தனக்கு அது தெரியும் என்றார். தெரிந்தும் காரணம் சொல்லாமல் கையை மட்டும் வைக்கச் சொன்னது தன்னுடைய பிழை என்றார். அதற்குப் பிறகு நம் வேனில் கரி ஏறியதில்லை. நான் இன்னும் பதினோரு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். அவர் மௌத்தாகிக் கண்ணை மூடும் வரைக்கும் என்னை ஒரு தடவைகூட செம்பகம் என்று கூப்பிடவில்லை. மரியாதை கூடிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

பர்வீனுக்கு எழுத உட்கார்ந்ததும், இது என்னுடைய கதை மட்டும் இல்லையே என்று தோன்றியது. போன வாரம் பஸ் ஏறிக் கருப்பசாமியின் ஊருக்குப் போனேன். கரிமூட்டத்தை அந்த வருடத்தோடு விட்டுவிட்டாராம், இப்போது ஆடு வளர்க்கிறார். செல்வியைக் கழுகுமலையில் கட்டிக்கொடுத்து, அவளுக்கு ஒரு கைக்குழந்தை. முள்வேலியை ஒட்டி இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பதினான்கு வருடமாகச் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் சொன்னேன். கங்கு கொடுத்தது நான், போலீஸ் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான், உங்கள் பெண்சாதி சாவுக்கு நான்தான் காரணம், இதை எழுதலாமா என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

அவர் ஆட்டுக்கு வேப்பங்குழை ஒடித்துப் போட்டார்.

"நீங்க குடுத்தீய, சரி. சன்னல அடைச்சது யாரு?" என்றார்.

பதிலையும் அவரே சொன்னார்.

"நாந்தான் அண்ணாச்சி. மூச்சு முட்டுது, தலைய வலிக்குது, சேலைய உருவுங்கன்னு அவ ரெண்டு தடவ சொன்னா. பிள்ளைக்குக் குளுரும், பேசாமப் படுன்னு ஒரு அதட்டு போட்டேன். அதோட படுத்துட்டா. உங்களக் காட்டிக் குடுத்தா, சன்னல அடைச்சது யாருன்னு அடுத்து கேப்பாவன்னுதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன். உங்களுக்காவச் சொல்லல."

இத்தனை வருடம் அந்த மனிதரைத் தெய்வமாக நினைத்துக் கும்பிட்டிருக்கிறேன். என்னை மாதிரியே அவரும் பயந்து போய்த்தான் கிடந்திருக்கிறார்.

அப்படியானால் எழுத வேண்டாம், செல்வி படித்துவிட்டால் என்ன ஆவது என்றேன்.

"அவ கதவோரம் படுத்திருந்தா. அவ ஆத்தா சொன்னத அவ கேட்டாளா, தூங்கிட்டாளான்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்ல. அவளும் அந்த ராத்திரியப் பத்தி இன்னைக்கு வரைக்கும் என்ட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல." கையிலிருந்த குழையைக் கீழே போட்டார். "எழுதுங்க. சன்னலையும் சேத்து எழுதுங்க. எழுதி மொதல்ல என் கையில குடுங்க, நானே கழுகுமலைக்குக் கொண்டு போயி அவள்ட்ட குடுக்கேன்."

இதை அவருக்கென்று ஒரு நகல் எடுத்து, நேற்று அந்த ஊர் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டேன்.